காப்பகத்தில் தள்ளி விழுத்தப்படும் முதியோர்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ள முதியவர், இடுப்பெலும்பு முறிந்து முதியோர் காப்பகத்திலிருந்து கொண்டுவரப்படும்போது, ‘வழுக்கி விழுந்துவிட்டார்’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். விழுந்ததை யார் பார்த்தார்கள் என்று நாங்கள் தவறாமல் கேட்கிறோம். உடன் தங்கியிருப்பவர் தள்ளியதால் விழுந்திருக்கவும் கூடும்.

நியூயார்க் மாநிலத்தின் 10 காப்பகங்களில் 2,011 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரங்களுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உடனுறைவோருக்கிடையிலான மோதலில் சம்பந்தப்பட்டிருந்தார். வசைமொழி, அடி, பிறர் அறைக்குள் நுழைதல் ஆகியவையும் அக்கணக்கில் அடங்கும்.

ஒருவர் மாலையில் தம் அறையென்று எண்ணி அடுத்த அறைக் கட்டிலில் படுக்கிறார். அக்கட்டிலுக்கு உரியவருக்கோ, அந்நியன் புகுந்துவிட்டான் என்ற அச்சம். தள்ளுகிறார். இருவரிடமும் வன்மம் இல்லை, நோய் இருக்கிறது. ஆகவே தள்ளியவரைக் குற்றவாளியாக்குவதில் பயனில்லை. அதற்காக, ‘நோயாளிகள்தானே, என்ன செய்வது’ என்று காப்பகம் கைவிரிப்பதையும் நாங்கள் ஏற்பதில்லை. முன்கூட்டியே உணர்ந்து தடுப்பது நிர்வாகத்தின் கடமை.

தள்ளியவரையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத பல்வலி, காதுகேளாமை போன்றவை சீற்றமாக வெளிப்படுவதுண்டு. ‘ஓர் ஊசி போட்டு அடக்கிவிடுங்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. மறதிநோய் உள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. வேறு வழியில்லாதபோது மட்டுமே, குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கு அவற்றைத் தருகிறோம்.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்குமுன் பளிங்குத் தரையைப் பார்த்து மயங்காமல், மாலை ஆறு மணிக்கு ஒருமுறை சென்று பாருங்கள். பணியாளர்கள் எண்ணிக்கையில் குறைந்து, முதியோர் நிலைகொள்ளாமல் உலவும் நேரம் அது. இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், ஒத்துப்போகாத இருவரை ஒரே அறையில் வைத்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அறைக்கதவில் அவரவர் புகைப்படம், கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு, தொலைக்காட்சியின் இரைச்சல் இல்லாத கூடம் ஆகியவை செலவின்றிச் செய்யக்கூடியவை. உங்கள் தந்தைக்கு எதைக் கண்டால் சினம் வரும், எப்பாட்டைக் கேட்டால் அமைதி வரும் என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம்.

சம்பவம் நடந்துவிட்டால் நேரம், இடம், அருகிலிருந்தோர் ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், அன்று நலமாகத் தோன்றினாலும் மெத்தனம் கூடாது. முதியோருக்கு, குறிப்பாக இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு, மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். வழக்கத்தை மீறிய உறக்கம், நடைத் தள்ளாட்டம், கூடுதல் குழப்பம் கண்டால் உடனே அழைத்து வாருங்கள். காப்பகம் செவிசாய்க்க மறுத்தால், மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567இல் முறையிடலாம்.