அவசரக் கொள்வனவும் படங்கும்

1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு வயலைக் கொடுத்து மேட்டில் குடியேறிய நமக்கு மண்சரிவு புதிதல்ல. பாதை மூடினால் மண் அள்ளும் இயந்திரத்தைப் பிரதேச சபை கேள்விப்பத்திரம் கோரிக் காத்திராமல் உடனே வாடகைக்கு எடுக்கலாம். அதைக் குறை சொல்லமாட்டோம். மற்ற வேளைகளில் பலரிடம் விலை கேட்டு, கேள்விப் பெட்டியை விலை கொடுத்தோர் முன்னிலையில் திறக்க வேண்டும்.

படங்குக்கு வருவோம். மே கடைசியில் தென்மேல் பருவமழை வருமென்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜனவரியிலேயே போட்டி விலையில் வாங்கக்கூடியதை ஜூன் மழையில் ஒரே கடையில் வாங்கினால், அதை அவசரமென்று எப்படி ஏற்பது?

அவசரத்தில் வாங்கினாலும் காரணமும் விலையும் எழுத்தில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எதற்கென்று சொல்லாமலே சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் அவற்றைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.