நொதி ஒன்று, நோய் ஒன்று

நுழையும்முன்

உண்ட உணவு ஆற்றலாக மாறுவதற்கு நொதிகள் பல துணைபுரிகின்றன. அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் உடலின் ஒழுங்கு குலையக்கூடும். அத்தகைய நொதி ஒன்றையும் அதனோடு தொடர்புடைய நோயையும் இப்பாடம் விளக்குகிறது.

துணைநொதி ஏ

மாவுப்பொருளும் கொழுப்பும் சிதையும் வழிகள் அசிட்டைல் துணைநொதி ஏ என்னும் மூலக்கூறில் வந்து கூடுகின்றன. துணைநொதி ஏ-வைக் கண்டறிந்த ஃபிரிட்ஸ் லிப்மன், 1953ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஹான்ஸ் கிரெப்சுடன் பகிர்ந்துகொண்டார். வைட்டமின் பி5 எனப்படும் பான்டோதெனிக் அமிலத்திலிருந்து இத்துணைநொதி ஐந்து படிகளில் உருவாகிறது.

கட்டுப்படுத்தும் நொதி

முதற்படியை நிகழ்த்துவது பான்டோதெனேட் கைனேஸ். இது ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பெற்று அவ்வைட்டமினுடன் இணைக்கிறது. உற்பத்தியின் வேகத்தை வரையறுப்பது இப்படியே ஆகும். அசிட்டைல் துணைநொதி ஏ மிகும்போது, அதுவே இந்நொதியுடன் பிணைந்து அதன் செயலைத் தடுக்கிறது. குறையும்போது தடை தளர்கிறது. ஏரி நிரம்பியதும் வரத்துக்காலின் மதகு அடைபடுவதை ஒத்த இச்செயல், பின்னூட்டத் தடை எனப்படும்.

நொதி பழுதுற்றால்

மனிதரில் இந்நொதியின் வடிவங்களுள் ஒன்றை உருவாக்கும் பான்க்2 மரபணு, 20ஆம் குரோமோசோமில் உள்ளது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும் குழந்தைக்கே நோய் தோன்றும். மூளையின் ஆழ்பகுதியான குளோபஸ் பாலிடசில் இரும்பு படிகிறது. தசைகள் இறுகி முறுக்கிக்கொள்கின்றன; நடை தடுமாறுகிறது; பேச்சு குழறுகிறது. பெரும்பாலும் ஆறு வயதிற்கு முன்பே அறிகுறிகள் தென்படுகின்றன. இதனை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை.

பெயரும் அறமும்

இந்நோயை 1922இல் விவரித்த ஹாலர்ஃபோர்டன், ஸ்பாட்ஸ் ஆகிய ஜெர்மானியரின் பெயர்களாலேயே அது நெடுங்காலம் வழங்கியது. ஆனால், நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட நோயாளிகளின் மூளைகளை ஹாலர்ஃபோர்டன் ஆய்வுக்குப் பெற்றார். அவர் பணியாற்றிய நிறுவனத்திற்குத் தலைமை வகித்தவர் ஸ்பாட்ஸ். 2001இல் மரபணுக் காரணம் அறியப்பட்டபின், நொதியின் பெயராலேயே நோயை அழைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. அறிவு வளர்ந்தால் மட்டும் போதாது. அது வளர்ந்த வழியும் தூயதாதல் வேண்டும் என்பதை இப்பெயர் மாற்றம் உணர்த்துகிறது.

தெரியுமா?

காந்த ஒத்ததிர்வுப் படத்தில், இந்நோயாளியின் மூளையில் கருமையின் நடுவே ஒளிரும் புள்ளி தோன்றும். இதனை மருத்துவர்கள் ‘புலிக்கண் குறி’ என்பர்.

கற்பவை கற்றபின்

1. பின்னூட்டத் தடை இல்லையெனில் செல்லில் என்ன நிகழும்? கலந்துரையாடுக.
2. அறமற்ற வழியில் கிடைத்த அறிவியல் சான்றுகளைப் பயன்படுத்தலாமா? வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.