மோட்டார் ரீவைண்டிங் பாடத்திட்டம் எழுதும் அம்மணிக்கு



ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புக்கு நீ எழுதிய பாடத்திட்டத்தைப் படித்தேன். முதல் ஆறு வாரமும் ஓம் விதி, ஏ.சி. சர்க்யூட், காந்தப்புலம். ஏழாவது வாரம்தான் பிள்ளைகள் மோட்டாரைத் தொடுகிறார்கள். இந்த வரிசையை மாற்று. முதல் நாளே கருகிய மோட்டார் ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடு.

ஸ்டார் இணைப்பு மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் வராமல் போனால் இரண்டு ஃபேஸின் காயில்கள் கருகும், மூன்றாவது பளிச்சென்று இருக்கும். டெல்டாவில் ஒரு ஃபேஸ் மட்டும் கருகியிருக்கும். மூன்றுமே கறுத்திருந்தால் ஓவர்லோடா, லோ வோல்டேஜா என்று தேட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஏன் என்று கேட்காமல் இருக்காது. ஸ்டார், டெல்டாவை அப்போது நடத்து. கருகிய காரணத்தைக் கண்டுபிடிக்காமல் காயில் சுற்றிக் கொடுத்தால் மோட்டார் மறுபடி பட்டறைக்கே வரும். அதைச் சரிசெய்யும்வரை தோட்டத்தில் தண்ணீர் ஓடாது.

சப்மெர்சிபிளுக்கும் மோனோபிளாக்குக்கும் சேர்த்து ஒரே அலகு வைத்திருக்கிறாய். பம்ப்செட் ஊரில் அது போதாது. தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிளில் பிளாஸ்டிக் உறை போட்ட வயர், வார்னிஷ் வேலையே இல்லை. மோனோபிளாக்கில் எனாமல் வயர், வார்னிஷ், அடுப்பில் உலர்த்தல். இரண்டையும் பிரித்துவிடு.

ஆறு மாதம் போதுமா என்று கேட்டிருந்தாய். கோவையில் இது பழைய வழக்கு. 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கையும் பொறியியல் கல்லூரியையும் தொடங்கிய ஜி.டி. நாயுடு, நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு போதும் என்றார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, கல்லூரி முதல்வர் பொறுப்பை விட்டு அவர் விலகினார். பிறகு இங்கே வேரூன்றிய சாண்ட்விச் டிப்ளமோ, மூன்று ஆண்டை மூன்றரையாக நீட்டியது. நடுவிலும் கடைசியிலும் மாணவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பியது. படிப்பு பட்டறையை விட்டு விலகி நிற்கிறது என்பதுதான் இரண்டு தரப்புக்கும் கவலை. நாயுடுவின் பொறுமையின்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் சாண்ட்விச் பக்கமே என் ஓட்டு. பட்டறையில் ஒன்றைப் பார்த்தவன் வகுப்புக்குத் திரும்பிக் கேட்கும் கேள்விக்கு ஈடு கிடையாது.

ஆகவே பட்டறைப் பயிற்சியைக் கடைசி மாதத்தில் தள்ளாதே. மூன்றாவது மாதமே அனுப்பு. திரும்பி வந்து கேட்க அவகாசம் இருக்கட்டும். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைக்காரர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசு: பழைய காயிலைப் பிரிக்கும்போது சுற்று, கேஜ், பிட்ச் குறிப்பது, ஸ்லாட்டுக்குக் காகிதம் வெட்டுவது, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பது. எது எந்த வாரம் என்று தாளில் எழுதி வாங்கு. இல்லாவிட்டால் டீ வாங்கவும் தரை கூட்டவும்தான் பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள்.

இறுதித் தேர்வுக்குக் காரணம் சொல்லாமல் ஒரு கருகிய மோட்டாரைக் கொடு. முதலில் காரணத்தை எழுதித் தரட்டும், அப்புறம் சுற்றட்டும். மதிப்பெண்ணில் பாதி அந்தக் காரணத்துக்கு.