பழைய ஜீப் லாரியின் முன்னச்சு: தேய்மானமும் செப்பனிடும் முறையும்

மகிந்திரா நிறுவனத்தார் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கினர். 1965இல் எஃப்.சி. 150 என்னும் சிறு லாரியையும் வெளியிட்டனர். நான்கு சக்கரங்களும் இழுக்கும் இவ்வகை வண்டி, பண்ணுருட்டிப் பலாவையும் குறிஞ்சிப்பாடித் துணியையும் மணற்பாதை கடந்து சந்தை சேர்க்க வல்லது. ஆயின் முன்னச்சு தேய்ந்த வண்டியில் சரக்கேற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மாட்டு வண்டியின் அச்சு பாரத்தை மட்டுமே தாங்கும். இம்முன்னச்சோ பாரம் தாங்குகிறது, சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதனைத் திருப்பவும் இடம் தருகிறது. திருப்பும் மூட்டு மேலும் கீழுமாக இரண்டு கிங்பின்களில், கூம்பு உருளை பேரிங்குகளின் மீது நிற்கிறது. மூட்டினுள் கிரீஸ் நிறைந்திருக்கும். அது வெளியேறாமலும் மணல் உட்புகாமலும் காப்பது ஒரு சீல்.

நெய்வேலி மண்ணின் அராவும் தன்மை பேர்பெற்றது. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பெற்று, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குப் புலப்படுமுன், மேலே கிடந்த கடலூர் மணற்கல் மாபெரும் தோண்டு எந்திரங்களின் எஃகுப் பற்களையே தேய்த்தது. அத்தகைய மணல் கிழிந்த சீல் வழியே புகுந்தால் பேரிங் என்னாகும்?

பழுதை அறியும் வழி: பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, அச்சின்கீழ் உறுதியான தாங்கி வைக்க. சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைக்க. ஆட்டம் இருப்பின் மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்க. ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில், நில்லாவிடின் கிங்பின்னில். வலமும் இடமுமாக ஆடினால் டை ராடின் முனைகளைச் சோதிக்க.

செப்பனிடும் முறை: சக்கரம், ஹப், பிரேக் தட்டு, ஸ்பிண்டில் ஆகியவற்றை முறையே கழற்றி, உள்தண்டை உருவுக. டை ராடை விடுவித்து, சீலையும் கிங்பின் மூடிகளையும் எடுக்க. மூடியின்கீழுள்ள ஷிம் தகடுகளை மேல், கீழ் எனத் தனித்தனியே வைக்க. யாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுக. உருளையிலோ கிண்ணத்திலோ குழியோ தழும்போ காணின் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. தேய்ந்த பின்னையும், ஸ்பிண்டிலினுள் இருக்கும் புஷ்ஷையும் மாற்றுக. சீல் உராயும் உருண்டைப் பரப்பில் துரு இருப்பின் மெல்லிய உப்புத்தாள் கொண்டு வழவழப்பாக்குக. சொரசொரப்பு புதுச் சீலையும் கிழித்துவிடும்.

மூட்டினுள் கிரீஸுக்கு மாறாக நீர்த்த எண்ணெய் கண்டால், டிஃபரன்ஷியல் எண்ணெயைத் தடுக்கும் உட்சீல் கெட்டதென்று கொள்க. அதனை விடுத்து வெளிச்சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

மீண்டும் பூட்டுகையில் மேலும் கீழும் ஷிம் கனம் சமமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் உள்தண்டு நடுவம் தவறும். ஷிம்மைக் குறைத்தால் இறுக்கம் கூடும். சீலும் உள்தண்டும் டை ராடும் பூட்டுமுன், டை ராடு சேரும் துளையில் வில்தராசைக் கோத்து இழுத்து, அவ்வண்டியின் கையேடு கூறும் அளவு வருமாறு திருத்துக. பின்னர்ச் சீலிட்டுக் கிரீஸ் நிரப்புக. இறுதியாக, சக்கரங்களின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சற்றே உள்நெருங்கியிருக்குமாறு டை ராடைத் திருத்துக. ஜீப்புக்கு இவ்வளவு ஏறத்தாழ 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர்.

இரண்டு எச்சரிக்கைகள். சக்கர உதறலை மறைக்க ஸ்டியரிங் பெட்டியை இறுக்குதல் நோயை மூடி வைப்பதே. விரிசல் கண்ட திருப்புக் கையைப் பற்றவைத்து ஓட்டுதல் கூடாது. அது முறியுமுன் அறிவிப்பதில்லை.

சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் வழிந்த கறையை வாரந்தோறும் பார்ப்பது ஓட்டுநர் கடமை. கறை கண்ட அன்றே சீலை மாற்றினால் செலவு அத்துடன் முடியும். தள்ளிப்போட்டால் பேரிங்கும் பின்னும் தண்டும் அதன்பின்னே போகும். அச்செலவு உறுப்பினர் அனைவரின் தலையிலும் விழும்.