உளூ: முறையும் மிதமும்

தொழுகைக்கு நிற்குமுன் முகம், கை, தலை, கால் ஆகிய அவயவங்களை நீரால் தூய்மை செய்துகொள்ள வேண்டுமென்று திருக்குர்ஆனின் 5-ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் மாயிதாவின் 6-ஆம் வசனம் விதித்திருக்க, அவ்விதியை நபிகள் நாயகம் செய்துகாட்டியவாறே நிறைவேற்றுவதற்கு உளூ என்று பெயர். இதில் வேண்டுவது நீரின் மிகுதியன்று. ஓரிடமும் விடுபடாத கவனமும், கிரமம் தவறாத ஒழுங்குமே. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரையூர்களிலும் இலங்கையிலும் வழங்கும் ஷாஃபி மத்ஹபை (சட்டவழியை) அனுசரித்து அம்முறையைக் கூறி, ஹனஃபி மத்ஹப் வேறுபடும் முக்கியமான இடங்களையும் உடன் சுட்டுவோம்.

முன்னேற்பாடு

மெழுகு, சாயம், நகப்பூச்சு, காய்ந்த மாவு என நீர் தோலைத் தொடவொட்டாமல் தடுப்பவற்றை முதலில் நீக்குக. இறுகிய மோதிரத்தை அசைத்துவிடுக. மருதாணியின் நிறம் மட்டும் எஞ்சியிருப்பின் குற்றமில்லை. பள்ளிவாசலின் ஹவுளில் (நீர்த்தொட்டியில்) இரண்டு குல்லத்து, அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்கு மேற்பட்ட நீர் நிற்பதால் அதில் கையிட்டு அள்ளலாம். வீட்டில் சிறு பாத்திரத்தைக் கொண்டு செய்பவரோ, அதனுள் கையை அமிழ்த்தினால் அந்நீர் உளூவுக்கு உதவாத ‘பயன்படுத்திய நீர்’ ஆகிவிடக் கூடுமாகையால், கெண்டியிலிருந்து சாய்த்து வார்த்துக்கொள்வதே உத்தமம்.

செய்முறை

1. பிஸ்மில்லாஹ் சொல்லி, இரு கைகளையும் மணிக்கட்டுவரை மும்முறை கழுவி, மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குக.

2. வலக்கையால் நீர் எடுத்து வாய் கொப்பளித்து, நாசிக்கும் நீர் செலுத்தி, இடக்கையால் சிந்துக. நோன்பிருப்பவர் இவ்விரண்டிலும் நீரை ஆழச் செலுத்தலாகாது.

3. நெற்றியில் முடி முளைக்குமிடம் முதல் மோவாயின் கீழ்வரையும், ஒரு காது முதல் மறு காதுவரையும் முகத்தைக் கழுவுக. முதல் நீர் முகத்தில் படும் அக்கணத்திலேயே உளூவின் நிய்யத்து (எண்ணம்) உள்ளத்தில் இருத்தல் வேண்டும். தோல் தெரியும் மெல்லிய தாடியாயின் அடிவரை நனைத்தல் அவசியம். அடர்ந்ததாயின் மேற்புறம் போதும், விரல்களால் கோதுவது சுன்னத்து (நபிவழி).

4. வலக்கையையும் பின்னர் இடக்கையையும் முழங்கை உட்படக் கழுவி, விரலிடுக்குகளைக் கோதுக.

5. நனைத்த கைகளை முன்னந்தலையிலிருந்து பிடரிவரை கொண்டுசென்று மீளக் கொணர்ந்து மஸ்ஹு செய்க (ஈரக்கையால் தடவுக). தலையின் சிறு பகுதி நனைந்தாலும் ஷாஃபியில் கடமை நிறைவேறும். ஹனஃபியில் கால்பங்கு வேண்டும். பின் புதுநீரால் காதுகளின் உள்ளும் புறமும் தடவுக.

6. வலக்காலையும் பின்னர் இடக்காலையும் கணுக்கால் உட்படக் கழுவுக. அவசரத்தில் உலர்ந்தே நின்றுவிடும் குதிகாலைக் குறித்து நபிகள் நாயகம் கடுமையாக எச்சரித்திருப்பதால், அங்கே கையால் தேய்த்துப் பார்த்தல் நலம்.

இறுதியில் கிப்லாவை நோக்கிக் கலிமா ஷஹாதத்து ஓதுக.

ஒழுங்கும் அளவும்

நிய்யத்து, முகம், கைகள், தலை, கால்கள், இவற்றின் வரிசை ஆகிய ஆறும் ஷாஃபியில் பர்ளு (கடமை); ஹனஃபியிலோ அவயவங்கள் நான்குமே பர்ளு, நிய்யத்தும் வரிசையும் சுன்னத்து. ஆதலால் முழங்கை நனையாததைக் கால் கழுவிய பின்னர் உணரும் ஷாஃபி மத்ஹபினர், விடுபட்ட அவ்விடத்தைக் கழுவி, தலையையும் கால்களையும் மறுபடி செய்தல் வேண்டும். ஒருமுறை கழுவுதல் கடமை, மும்முறை சுன்னத்து, அதற்குமேல் வெறுக்கத்தக்கது. நபிகள் நாயகம் உளூவுக்குக் கொண்ட நீரோ ஒரு முத்து, ஷாஃபி கணக்கில் முக்கால் லிட்டரைத் தாண்டாத அளவு. குழாயை முழுவதும் திறந்துவிட்டு நிற்பவர் இதனை நினைவிற்கொள்வாராக.

முறிவும் மாற்றும்

மலம், சிறுநீர், காற்று பிரிதலும், அமர்ந்த இடம் நிலைபெறாத உறக்கமும் உளூவை முறிக்கும். உடலிலிருந்து வழிந்தோடும் இரத்தம் ஹனஃபியில் முறிக்கும், ஷாஃபியில் முறிக்காது. நீர் கிடையாதபோதோ, நோயினால் நீர் தீங்கு செய்யும்போதோ, தூய மண்ணில் இருமுறை கையடித்து, முதலாவதால் முகத்தையும் இரண்டாவதால் முழங்கைவரை கைகளையும் தடவும் தயம்மும் போதுமானது. உளூ செய்தது நிச்சயமாயிருக்க, அது முறிந்ததா என்று ஐயம் மாத்திரம் எழுமாயின், அவ்வையத்தைப் பொருட்படுத்தாது தொழுகைக்குச் செல்க. நிச்சயத்தைச் சந்தேகம் நீக்காது.