பொன்னியின் செல்வன் புதினம்: வாசகர் கருத்து வேறுபாடும் அதன் அடிப்படைகளும்

ஆய்வுச் சுருக்கம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தமிழில் மிகுதியாக வாசிக்கப்படும் வரலாற்றுப் புதினங்களுள் ஒன்று. அதனைப் பற்றிய வாசகர் கருத்துகள் தொடக்கம் முதலே இருவேறாகப் பிரிந்துள்ளன. இப்பிரிவினை விருப்பு வெறுப்பின் விளைவாக மட்டும் கொள்ள இயலாது. தொடர்கதை, வரலாறு, நாவல் என்னும் மூன்று வேறு எதிர்பார்ப்புகளுடன் ஒரே நூல் அணுகப்படுவதே இதற்கு அடிப்படை என்பதையும், ஆதித்த கரிகாலன் கொலைநிகழ்வில் இவை மூன்றும் மோதிக்கொள்கின்றன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புதினம், தொடர்கதை, வாசகர் ஏற்பு, உடையார்குடிக் கல்வெட்டு, உத்தம சோழன்.

முன்னுரை

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்னும் ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்களைக் கொண்டது. தமிழ்ப் புதினத்தின் சிகரம் இதுவே என்பார் ஒருசாரார். நீளத்தாலும் தற்செயல் நிகழ்வுகளின் மிகுதியாலும் தளர்ந்த பொழுதுபோக்குக் கதை என்பார் மற்றொரு சாரார். க.நா.சுப்ரமண்யம் போன்ற திறனாய்வாளர் கல்கியின் எழுத்தை வெகுசன எழுத்தாகவே மதிப்பிட்டனர். ஆயினும் தலைமுறைகள் கடந்தும் நூல் வாசிக்கப்படுகிறது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கத்தில் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்தபோது இவ்விவாதம் புத்துயிர் பெற்றது.

தொடர்கதை என்னும் எதிர்பார்ப்பு

வாரந்தோறும் தொடரைப் படித்து அடுத்த இதழுக்குக் காத்திருந்தவரே இந்நூலின் முதல் வாசகர். அத்தியாய இறுதியில் நிறுத்தப்படும் திடுக்கீடு, முன்னிகழ்ந்ததை நினைவூட்டும் சுருக்கம், ஆசிரியர் வாசகரை நேரில் விளித்துப் பேசும் முறை ஆகியன அவ்வாசகருக்காக அமைந்தவை. மூன்றரை ஆண்டு நீண்ட கதையில் முன்கதைச் சுருக்கம் தேவையாக இருந்தது. அதே பகுதியை நூல் வடிவில் சில நாள்களில் படிப்பவருக்கு அது கூறியது கூறலாகத் தோன்றுகிறது. சுரங்கப்பாதைகள், மாறுவேடங்கள், மறைந்திருந்து கேட்கும் உரையாடல்கள் ஆகியவற்றின் நிலையும் இதுவே. ஒருசாரார் குறையெனச் சுட்டுவதும் மற்றவர் சுவையெனப் பாராட்டுவதும் ஒரே கூறுதான். வெளியீட்டு முறை மாறியதால் வாசிப்பின் வேகம் மாறியது. வேகம் மாறியதால் மதிப்பீடும் மாறியது.

முடிவைப் பற்றிய மனக்குறை இன்றைய வாசகரிடம் மட்டும் தோன்றியதன்று. கதை திடீரென முடிந்துவிட்டதாகக் கருதிய வாசகர்களுக்கு நூலின் முடிவுரையில் கல்கியே விடையிறுக்கிறார். கற்பனையான சமூகக் கதையை முற்றாக முடித்துவைப்பதுபோல் வரலாற்றுச் சார்புடைய கதையை முடித்துவைக்க இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையையும் அங்கு அவர் சுருக்கமாகத் தெரிவிக்கிறார். எனவே கருத்து வேறுபாடு நூலின் உள்ளேயே பதிவாகியுள்ளது எனலாம்.

வரலாறு என்னும் எதிர்பார்ப்பு

இரண்டாம் வகை வாசகர் நூலில் சோழர் வரலாற்றைத் தேடுபவர். அவருக்கு இது ஏமாற்றமும் தரலாம், மயக்கமும் தரலாம். வந்தியத்தேவன் முற்றிலும் கற்பனை அல்லன். இராசராசனின் தமக்கை குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு உறுதிசெய்கிறது. ஆனால் நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் கல்கியின் படைப்புகள். இருவகைப் பாத்திரங்களும் ஒரே உயிர்ப்புடன் நடமாடுவதால் வேறுபாடு வாசகருக்குப் புலப்படுவதில்லை. நந்தினியை வரலாற்று மாந்தராகவே கருதிக்கொள்ளும் வாசகரும் உளர்.

இம்மயக்கம் மிகுதியும் தொடுவது உத்தம சோழனையே. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகனே உத்தம சோழன் என்பது கல்வெட்டுகளால் அறியப்படும் செய்தி. புதினத்திலோ செம்பியன் மாதேவி வளர்த்த மதுராந்தகன் வேறு பிறப்பினன். பூமாலை தொடுக்கும் சேந்தன் அமுதனே உண்மை மகன். அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். இம்மாற்றத்தை வரலாற்றுப் பிழை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. அதன் காரணத்தை அறியக் கரிகாலன் கொலைபற்றிய சான்றை நோக்க வேண்டும்.

மோதல் நிகழும் இடம்

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிக்கிறது. அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பற்றிய நடவடிக்கையைப் பதிவுசெய்கிறது. இடையில் உத்தம சோழன் 985 வரை ஆண்டிருந்தும் அவன் காலத்தில் இவர்கள் தண்டிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை. இதனைக் கொண்டு உத்தம சோழனுக்கும் கொலையில் தொடர்பு இருக்கலாம் என நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். தி.வை.சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை ஏற்கவில்லை. அருண்மொழி தன் சிறிய தந்தை அரசை விரும்பியவரை அதனைத் தான் விரும்பவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. சான்றுகள் தம்முள் இசையாத இவ்விடைவெளியே புதினத்தின் விளைநிலம். கதை தொடங்கும் வீரநாராயண ஏரியும் இக்கல்வெட்டு அமைந்த ஊரை அடுத்தே உள்ளது.

அரியணை வேட்கை, களங்கமின்மை என்னும் இரண்டையும் ஒரே உத்தம சோழன்மேல் ஏற்றிக் காட்டுதல் கடினம். கல்கி அவனை இரு பாத்திரங்களாகப் பிரித்தார். வேட்கையும் சூழ்ச்சித் தொடர்பும் மதுராந்தகனிடம் சென்றன; களங்கமற்ற சைவப் பற்று சேந்தன் அமுதனிடம் சேர்ந்தது. இதனால் முடிசூடியவன்மீது கொலைப் பழி விழவில்லை. அருண்மொழியின் விட்டுக்கொடுத்தலும் தகுதியற்றவனுக்கு அரசை ஈந்த செயலாக ஆகவில்லை. ஆக, வரலாற்றாசிரியர்களின் விவாதத்துக்குக் கதைவழியே கூறப்பட்ட ஒரு விடையாகவும் இம்மாற்றத்தைக் காணலாம்.

கொலைகாரன் யார் என்னும் வினாவுக்கோ கல்கி இத்தகைய தெளிவைத் தரவில்லை. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த இருளில் அது நிகழ்கிறது. சதிகாரரும் நந்தினியும் பெரிய பழுவேட்டரையரும் வந்தியத்தேவனும் அருகில் உள்ளனர். பழுவேட்டரையர் பின்னர்ப் பழியைத் தாமே ஏற்கிறார். அது வந்தியத்தேவனைக் காக்கும் கூற்றோ என்ற ஐயமும் எஞ்சுகிறது. மர்மம் அவிழக் காத்திருந்த தொடர்கதை வாசகர் இதனால் ஏமாற்றமடைகிறார். கல்வெட்டைப் படித்தவரோ, பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்க ஐயம் எதற்கு என வினவுகிறார்.

நாவல் என்னும் எதிர்பார்ப்பு

பாத்திரங்களின் அகவளர்ச்சியை நாடும் வாசகர்க்கு அருண்மொழி குறையற்ற திருவுருவாகவே தோன்றுகிறான். வந்தியத்தேவனும் தொடக்கத்தில் இருந்தவாறே பெரிதும் நிற்கிறான். இக்குறை மறுக்கத்தக்கதன்று. ஆனால் வீரபாண்டியனைக் கொன்ற குற்றவுணர்வால் அலைக்கழியும் கரிகாலன், பழிக்கும் பாசத்துக்கும் இடைப்பட்ட நந்தினி, முதிய வயதின் மோகத்தால் மதிகெட்டுப் பின் தன்னை உணரும் பெரிய பழுவேட்டரையர் ஆகியோரிடம் அகப்போராட்டம் உண்டு. இம்மூவரும் கொலை நிகழும் இடத்திலேயே கூடுகின்றனர். அங்கு யாருடைய கை கொன்றது என்பதைவிட, மூவரின் அழிவும் ஒரே புள்ளியில் கூடுவதே நாவலின் நோக்கில் முதன்மை பெறுகிறது. இறுதிப் பாகம் கொலையின் பெயரைத் தாங்காது ‘தியாக சிகரம்’ எனப் பெயர் பெற்றிருப்பதும் கருதத்தக்கது. கதையின் உச்சம் மர்மத்தின் விடையில் அன்று, முடியை விட்டுக்கொடுப்பதில் வைக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

வாசகர் கருத்து வேறுபாட்டைச் சுவை வேறுபாடாக மட்டும் காண்பது போதாது. ஓர் அளவுகோலால் மற்றொரு வடிவத்தை அளப்பதே பெரும்பாலான முரண்களின் ஊற்று. கூறியது கூறலைக் குறையெனச் சொல்பவர் தொடரின் தேவையையும், வரலாற்றுப் பிழை காண்பவர் சான்றுகளின் இடைவெளியையும், நூலை ஐயமின்றிப் போற்றுபவர் பாத்திர வார்ப்பின் வரம்பையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். வகுப்பறையில் இதனைப் பயிற்றுவிக்கும்போது உடையார்குடிக் கல்வெட்டையும் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் உடன்வைத்துப் பயில்வது நன்று. புனைவு எங்குத் தொடங்குகிறது என்பதை அறிந்த மாணவர் வரலாற்றில் மயங்கார். அது ஏன் அங்குத் தொடங்குகிறது என்பதை அறிந்தவர் கல்கியின் கலையை எளிதில் ஒதுக்கவும் மாட்டார்.