பின்கோடு 600017: ஒரு பேட்டையின் ஜனத்தொகையையும் வருமானத்தையும் படிக்கும் முறை

பட்டணத்தில் விற்பனை டிப்போ ஒன்று திறக்கலாமென்ற எண்ணம் ஒரு நெசவாளர் சங்கத்திற்கோ விளைபொருள் விற்பனைச் சங்கத்திற்கோ தோன்றும்போது, நிர்வாகக் குழுவின் முன் முதலில் வந்து நிற்பது ஒரு காகிதமாகும். அதில் ஒரு பின்கோடு எண்ணும், அதன் எதிரே ஜனத்தொகை இவ்வளவு, சராசரி வருமானம் இவ்வளவு என்ற இரண்டு தொகைகளும் இருக்கும். தொகைகள் பெரியனவாக இருந்துவிட்டால் தீர்மானம் விரைவில் நிறைவேறிவிடுகிறது. ஆனால் கடைக்கு முன்பணம் கொடுக்கப்படுவதோ, கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்துச் சேர்த்த அங்கத்தினர்களின் பங்குப் பணத்திலிருந்து. ஆகவே அவ்விரண்டு தொகைகளும் எங்கிருந்து வந்தன, அவற்றால் எதை அறியலாம், எதை அறிய முடியாது என்று கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. இம்மாதப் பாடத்தில் சென்னை 600017, அதாவது தியாகராயநகரை உதாரணமாக எடுத்துக்கொண்டு, இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பின்கோடு என்பது யாது? 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் நாட்டில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் மத்திய செய்தித் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். ஒரே பெயருடைய ஊர்கள் பல இருப்பதாலும், மேல்விலாசங்கள் பல மொழிகளில் எழுதப்படுவதாலும், கடிதங்களைப் பிரிப்பதில் நேர்ந்த குழப்பத்தை நீக்குவதே இதன் நோக்கம். ஆறு இலக்கங்களில் முதல் இலக்கமாகிய 6, தமிழ்நாடு, கேரளம் ஆகியவற்றை உள்ளிட்ட மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்த 600, கடிதங்களைப் பிரித்து அனுப்பும் வட்டத்தைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் அஞ்சலகத்தைக் குறிக்கும். 017 என்றால் தியாகராயநகர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தபால்காரர் நடந்து முடிக்கக்கூடிய தெருக்களை ஒட்டி வகுக்கப்பட்ட எல்லை இது. ஜனங்களை எண்ணுவதற்காக எவரும் இதனை வகுக்கவில்லை. 600 என்று தொடங்கினால் சென்னை மாநகராட்சி என்று நினைப்பதும் தவறு. 600045 தாம்பரம்; அது செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. 600054 ஆவடி, அது திருவள்ளூர் மாவட்டம். இரண்டிற்கும் தனித்தனி மாநகராட்சிகள் உண்டு. மேலும், பின்கோடுகள் எல்லாம் ஒரே அளவுடைய மரக்கால்கள் அல்ல. 600009 என்பது புனித ஜார்ஜ் கோட்டை. அங்கே தலைமைச் செயலகம் உண்டு, குடித்தனங்கள் மிக அரிது. 600036 என்பது ஐ.ஐ.டி. வளாகம். இவற்றையும் தியாகராயநகரையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதி, எது பெரியது என்று ஒப்பிடுவதில் என்ன பொருள் இருக்க முடியும்?

அமெரிக்காவிலும் இதே நிலைமைதான். அங்கு 1963 ஜூலை 1 முதல் ஐந்து இலக்க அஞ்சல் எண்கள் வழங்கி வருகின்றன. சிக்காகோ நகரின் 60629 என்ற எண்ணுக்குரிய பகுதியில் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,13,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் வசித்தனர். ஸ்கெனெக்டடி நகரின் 12345 என்ற எண்ணோ, ஒரு மின்சாதனக் கம்பெனிக்கு மட்டுமே உரியது. ஆயினும் அந்நாட்டார் ஒரு காரியம் செய்திருக்கின்றனர். அவர்களுடைய கணக்கெடுப்பு இலாகா, மிகச் சிறிய எண்ணிக்கைப் பகுதிகளை ஒன்று சேர்த்து, அஞ்சல் எண்ணுக்கு ஏறக்குறைய ஒத்து வருகிற பரப்புகளை 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்காக அமைத்தது. குடும்ப வருமானத்தையும் அங்கே ஆண்டுதோறும் மாதிரிக் குடும்பங்களில் விசாரித்து எழுதுகின்றனர். ஆகையால் அங்கு ஓர் அஞ்சல் எண்ணுக்கு வருமானம் இவ்வளவு என்று சொன்னால், அதற்கு ஆதாரம் காட்ட முடியும்.

நம் நாட்டில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு வார்டு வாரியாக வெளியாகிறது. பின்கோடு வாரியாக அல்ல. எனவே 600017-இன் ஜனத்தொகை என்று ஒருவர் எழுதினால், அவர் சில வார்டுகளைக் கூட்டியோ, சில வார்டுகளைத் துண்டாக்கியோ உத்தேசமாகக் கண்டதாகவே இருக்கும். அதுவும் எந்த ஆண்டின் வார்டுகள்? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் ஜனத்தொகை 46,46,732. இது ஏறக்குறைய 175 சதுர கிலோமீட்டர் பரப்பிற்கு உரியது. ஆனால் அதே 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. பழைய ஜனத்தொகையைப் பழைய விஸ்தீரணத்தால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வருகின்றனர். அதையே புதிய விஸ்தீரணத்தால் வகுத்துவிட்டால் 10,900 பேர்தாம் வருவர்! இரண்டையும் கலந்து எழுதிய காகிதங்கள் இல்லாமலில்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச்சு 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்ட கணக்கெடுப்பிற்கு 2025 ஜூன் மாதத்தில்தான் அறிவிக்கை வெளியாயிற்று. ஆகவே 2011-க்குப் பிறகு எந்தத் தொகை காட்டப்பட்டாலும், அது எண்ணியதா, மதிப்பிட்டதா என்று முதலில் கேட்க வேண்டும்.

வருமானத்தின் சங்கதி இதைவிடச் சிக்கலானது. நம் ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் வருமானம் கேட்கப்படுவதில்லை. வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது தொலைக்காட்சி உண்டா, சைக்கிள், ஸ்கூட்டர், கார் உண்டா என்று கேட்கின்றனர், அவ்வளவே. வருமானத்திற்குப் பதிலாகச் செலவைக் கேட்டறியும் மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடந்த அக்கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2,61,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன. ஆள் ஒருவருக்கு மாதச் செலவு கிராமங்களில் 3,773 ரூபாய், நகரங்களில் 6,459 ரூபாய் எனக் கண்டனர். அச்செலவில் உணவுக்கு மட்டும் நகரத்தில் நூற்றுக்கு 39 பங்கும், கிராமத்தில் 46 பங்கும் போயின. மாநில அளவில் நம்பத்தக்க விவரங்கள் இவை. ஆனால் ஒரு பின்கோட்டின் அளவிற்கு இவற்றைச் சுருக்கிக் கொண்டுவர இயலாது. அவ்வளவு சிறிய பகுதியில் விசாரிக்கப்பட்ட குடும்பங்கள் மிகச் சிலவாகவே இருக்கும். எனவே 600017-இல் சராசரி வருமானம் இவ்வளவு என்று அச்சடித்துக் கொடுப்பவர், நில விலை, வாடகை, கார்களின் எண்ணிக்கை போன்றவற்றைக் கொண்டு ஊகித்திருக்கிறார் என்று கொள்வதே முறையாகும். ஊகம் தவறென்று நாம் சொல்லவில்லை. அதனை ஊகமென்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

இனி, அந்தச் சராசரி சரியானதே என்று வைத்துக்கொண்டாலும் அது எதைக் காட்டுகிறது? ஒரு தெருவில் பத்துக் குடித்தனங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் மாத வருமானம் முறையே 12,000, 14,000, 15,000, 18,000, 20,000, 24,000, 28,000, 35,000, 54,000 ரூபாய். பத்தாவது வீட்டுக்காரருக்கு மட்டும் 4,80,000 ரூபாய். கூட்டினால் 7,00,000, சராசரி 70,000 ரூபாய். ஆனால் பத்தில் ஒன்பது வீடுகள் அந்தச் சராசரிக்குக் கீழேயே உள்ளன. அவர்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், ஐந்தாமவருக்கும் ஆறாமவருக்கும் இடையே 22,000 ரூபாய் என்று வருகிறது. இதனை இடைநிலை வருமானம் என்பர். எழுபதாயிரம் ரூபாய்க் குடும்பங்களை எதிர்பார்த்துப் பட்டுச் சேலைகளை அடுக்கிவைக்கும் சங்கம், இருபத்திரண்டாயிரம் ரூபாய்க் குடும்பங்களின் வாசலில் கடை போட்டிருப்பதைத் தாமதமாகவே உணரும். குடும்பத்தின் அளவையும் விடக்கூடாது. மூன்று பேர் உள்ள வீட்டின் 30,000 ரூபாய் தலைக்கு 10,000; ஆறு பேர் உள்ள வீட்டின் 36,000 ரூபாய் தலைக்கு 6,000.

தியாகராயநகரின் கதைக்கு வருவோம். அவ்விடம் ஒரு காலத்தில் ஏரி. 1920-களில் அந்த நெடிய ஏரியைத் தூர்த்து, நகரமைப்புத் திட்டத்தின்படி இப்பேட்டை அமைக்கப்பட்டது. பெயர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாருடையது. அவர் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்து, நெசவுச் சாலையும் நடத்தியவர் என்பது நம் அங்கத்தினர்களுக்கு இனிய செய்தியாக இருக்கும். 1928-இல் காஞ்சிபுரத்து நல்லி சின்னசாமி செட்டியார் இங்கு பட்டுக்கடை திறந்தார். பனகல் பூங்காவைச் சுற்றியும் உஸ்மான் சாலையிலும் ஜவுளி, நகை, பாத்திரக் கடைகள் பெருகின. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குபவர்களை அப்படியே கடைகளுக்குள் கொண்டு செல்லும் வாய்க்காலாக ரங்கநாதன் தெரு ஆயிற்று. கூட்டம் தாங்காமல், ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் ஒன்று 2023-இல் திறக்கப்பட்டது.

இந்த ஜனங்கள் எல்லாரும் 600017-இல் வசிப்பவர்களா? இல்லை. செங்கற்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும், ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் கலியாணத்திற்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய வருமானம் 600017-இன் கணக்கில் ஒரு பைசாவும் சேராது. இரவில் கடைகளிலேயும் கடைகளுக்கு மேலேயும் தங்கும் தொழிலாளர்களோ, கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது எந்த ஊர்க் கணக்கில் எழுதப்பட்டிருப்பார்கள் என்று சொல்வதும் எளிதன்று. ஜி.என். செட்டி சாலையின் பெரிய வீடுகளும், கண்ணம்மாபேட்டையின் நெருக்கமான சந்துகளும் ஒரே பின்கோட்டில் அடங்கியிருக்கின்றன. ரயில் பாதைக்கு மேற்கே, சம்பளக்காரரும் பென்ஷன்காரரும் நிறைந்த மேற்கு மாம்பலம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வேறு எண், அது 600033.

ஆதலால் வசிப்போரின் வருமானத்தைப் பார்த்து இங்கே பட்டுக்கடை வைப்பவர் தவறான ஏட்டைப் புரட்டுகிறார். பட்டும், விலையுயர்ந்த கைத்தறியும் வந்துபோவோரை நம்பி விற்பவை. காய்கறி, அரிசி, எண்ணெய் போன்றவையோ வசிப்போரை நம்பி விற்பவை. 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், தன்னைச் சுற்றியுள்ள குடும்பங்களின் மாதச் சாமானை நம்பி எழுந்தது. அங்கே ஜனத்தொகையும் குடும்ப அளவுமே முக்கியம். விவசாய அங்கத்தினர்களின் விற்பனைச் சங்கம் ரங்கநாதன் தெருவின் கூட்டத்தைக் கண்டு மயங்கிக் கீரைக் கடை வைக்கலாகாது. நகை வாங்க வந்தவர் கீரைக்கட்டைச் சுமந்துகொண்டு செங்கற்பட்டு ரயில் ஏறுவாரா?

அப்படியானால் சங்கம் தானே அறிந்துகொள்ளக்கூடியது என்ன? நிறைய உண்டு. வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகத் தெருப் பெயருடன் கிடைக்கிறது. அதில் வயது காணப்படுவதால், இளங்குடும்பங்கள் மிகுந்த தெரு எது, முதியோர் மட்டும் எஞ்சிய தெரு எது என்று அறியலாம். ஆனால் இடம்பெயர்ந்தோரின் பெயர்களும் அதில் நிற்கக்கூடும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இரார். ரேஷன் கடைகளைப் பெரும்பாலும் நம் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஒரு கடைக்கு எத்தனை அட்டைகள் என்று விசாரித்தால் குடித்தனங்களின் தொகை ஒருவாறு விளங்கும். அரிசி அட்டையை வைத்திருப்பதாலேயே ஒருவரை ஏழை என்று கொள்ளலாகாது. தமிழ்நாட்டில் அது வருமானம் பாராமல் பலருக்கும் கிடைப்பது. சர்க்கரை அட்டைகள் எந்தத் தெருவில் மிகுதி என்பது அதைவிடப் பயனுள்ள குறிப்பாகும்.

இவ்விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கடைத்தெருவில் மாத வாடகை 1,50,000 ரூபாய் என்றும், இரு விற்பனையாளர் சம்பளம் 40,000, மின்சாரமும் பிறவும் 10,000 என்றும் கொள்வோம். மாதச் செலவு 2,00,000. விற்பனையில் நூற்றுக்கு 20 எஞ்சுமானால் 10 லட்ச ரூபாய்க்கு விற்க வேண்டும். பில் ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்றால் 500 பில். 25 நாட்களில் நாளொன்றுக்கு 20 பில். தள்ளுபடிக் காலத்தில் எஞ்சுவது நூற்றுக்கு 12 ஆகக் குறைந்தால், அதே செலவிற்கு நாள்தோறும் 33 பில் வேண்டும்.

குடியிருப்புத் தெருவில் வாடகை 40,000 என்றால் மாதச் செலவு 90,000. வேண்டிய விற்பனை 4,50,000. நாளொன்றுக்கு 9 பில். ஆண்டில் 300 நாட்களுக்கு 2,700 பில். நடந்து வரும் தூரத்தில் 6,000 குடித்தனங்கள் உண்டு என்று ரேஷன் கடை விசாரணையில் தெரிகிறது என்போம். மூன்றில் ஒரு குடித்தனம் ஆண்டுக்கு ஒரு முறை வாங்கினால் 2,000 பில்தான், 700 குறைகிறது. இரண்டில் ஒரு குடித்தனம் வாங்கினால் 3,000, கடை நிற்கும். இப்போதுதான் ஜனத்தொகை என்னும் தொகைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. மூன்றில் ஒன்றா, இரண்டில் ஒன்றா என்பதைப் பின்கோடு சொல்லாது. அத்தெருக்களில் ஐம்பது வீடுகளிலாவது, சென்ற தீபாவளிக்குக் கைத்தறி ஏதேனும் வாங்கினீர்களா என்று கேட்டு வர இரண்டு அங்கத்தினர்களை அனுப்பலாம்.

கடைத்தெருவிற்கானால், உத்தேசித்த கடை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடந்து செல்வோரையும், அவர்களுள் பக்கத்து ஜவுளிக்கடைக்குள் நுழைவோரையும், பையுடன் வெளிவருவோரையும் தனித்தனியே கோடு போட்டு எண்ண வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு செவ்வாய்க்கிழமையும் எண்ணுவது அவசியம். ஐப்பசியில் எண்ணியதை மட்டும் கொண்டு தீர்மானம் எழுதிவிடாமல், முகூர்த்தமில்லாத மார்கழியிலும் ஒரு முறை எண்ணி, இரண்டு தொகைகளையும் பொதுக்குழுவில் படித்துக் காட்டிய பின்பே முன்பணத்துக்கான தீர்மானத்தை முன்மொழிய வேண்டும்.